கட்டை ஊரின் நான்காம் மாடி

கணினியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, காற்றாடியில் மெத்தைபோலப் படிந்திருக்கும் பனியன் பஞ்சைப் பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டி எடுக்கும்போது எழும் வாசனை, இஸ்திரி போட்ட துணியும் சூடேறிய தகரமும் கலந்ததுபோல இருக்கும். நெருப்பெரிச்சல் என்ற ஊரில், எங்கள் அப்பாவின் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்டில், நூல் கோன் பெட்டிகள் அடுக்கிய ஆபீஸ் அறையின் மூலையில் இருந்த கணினிக்கு ஞாயிறுதோறும் காலையில் அந்தத் துப்புரவை நான்தான் செய்துவந்தேன். செய்து முடித்ததும் "பஞ்சு எடுத்தாச்சு" என்று நோட்டில் நாளிட்டுக் குறித்தும் வைத்தேன்.

அது ஊரடங்கின் முதல் ஆண்டு. நான் ஒன்பதாம் வகுப்பு. யூனிட்டின் எட்டு மெஷின்களும் நின்றுபோயிருந்தன. பிறந்தது முதல் அந்த இரைச்சலுக்குள்ளேயே உண்டு உறங்கிய எங்களுக்கு, அது இல்லாதபோதுதான் காது அடைத்தது போலிருந்தது. மிச்சமிருந்த ஒரே இயந்திரச் சத்தம் இந்தக் காற்றாடியுடையது. அதற்குள் ஓர் ஊர் ஓடிக்கொண்டிருந்தது.

என்னிடம் அப்போது இரண்டு நோட்டுகள் இருந்தன. பள்ளி மூடிய அன்று தொடங்கியது வீட்டு நோட்டு: பால்காரர் வராத நாள், முதல் முறையாகச் சரக்கு ரயில் சத்தம் கேட்ட நாள், எதிர்வீட்டுக்காரர் ஊத்துக்குளியிலிருந்து வெண்ணெய் வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்த நாள் எல்லாம் அதில் உண்டு. இரண்டாவது ஊர் நோட்டு, கணினிக்குள் இருந்த ஊருக்கானது. தேதிகளை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை நோட்டுகளில் பத்திரமாக இருக்கின்றன, வாசிப்பவருக்குக் கிழமை போதும்.

விளையாட்டை நாங்கள் "கட்டை கேம்" என்றோம். அந்த உலகத்தில் மண், மரம், தண்ணீர் எல்லாமே சதுரக் கட்டைகள். தோண்டி எடுக்கலாம், எடுத்ததை அடுக்கி எதை வேண்டுமானாலும் கட்டலாம். பலர் ஒரே உலகத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் அந்த உலகத்தை ஒரு கணினி தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கணினிதான் "சர்வர்". பெரியப்பா மகன் பிரதீப் அண்ணன், பதினொன்றாம் வகுப்பு, வீடியோ பார்த்து இரண்டே நாளில் அப்பாவின் ஆபீஸ் கணினியை சர்வர் ஆக்கிவிட்டான். வைஃபை எங்கள் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி, தென்மாவட்டங்களிலிருந்து வந்து பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் குடும்பங்கள் இருந்த "லைன் வீடு"கள் வரை எட்டியது. அதன் கடவுச்சொல்லைக் காலி நூல் கோனின் அட்டையில் எழுதி, சுவருக்கு மேலே தூக்கிப் போட்டோம். இப்படியாகப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அந்த ஊருக்குக் குடிவந்தார்கள்.

ஊர் காலை பத்து மணிக்குப் பிறந்து மாலை ஐந்து மணிக்கு மறையும். ஐந்துக்கு மேல் அப்பா கணினியை ஓடவிட மாட்டார். "நெசமான கம்பெனி நின்னு கெடக்குது, நீங்க பொம்மைக் கம்பெனி ஓட்டறீங்களாக்கும்" என்பார். அம்மா இன்னும் ஒரு படி மேலே போவார்: "கரண்ட் போச்சுன்னா உங்க ஊரே போச்சு. இதுக்குக் காவல் வேற!"

காவல் என்று அம்மா சொன்னது உண்மை. கட்டுகிறவர்கள் இருக்கும் இடத்தில் இடிக்கிறவர்களும் இருப்பார்கள் என்பதை நாங்கள் மூன்றாம் நாளே கண்டுகொண்டோம். யாரோ வந்து போவார்கள். போன பிறகு ஒருவருடைய வீட்டுக்குக் கூரை இருக்காது, இன்னொருவருடைய தோட்டத்தில் எரிகுழம்பு ஓடிக்கொண்டிருக்கும். உலகமெங்கும் விளையாடுகிறவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் எங்கள் ஊர்ச் சொல்லையே வைத்துக்கொண்டோம்: "பிரிக்கறது." தப்பாகத் தைத்த பனியனின் தையலைப் பிரிப்பார்களே, அந்தப் பிரித்தல். "என் வீட்ட யாரோ பிரிச்சுட்டாங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அழுகுரல் வராத நாள் அபூர்வமாயிற்று.

முதலில் முறை வைத்துக் காவல் நின்றோம். காவல் நின்றவர்களே பிரித்தார்கள். அடுத்து பிரதீப் அண்ணன் நிலத்துக்கு எல்லை போடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தான். ஒரு தங்க மண்வெட்டியால் இடத்தின் மூலைகளைத் தொட்டால் அது தொட்டவர் பேரில் பதிவாகிவிடும். வேறு பெயரில் வருகிறவர் அதற்குள் ஒரு கட்டையைக்கூட அசைக்க முடியாது. அசைக்கப் பார்த்தால் திரையில் ஓர் எச்சரிக்கை வரும். அது ஆங்கிலத்தில் இருந்ததை அண்ணன் மாற்றினான். எங்கள் வீடுகளில் பிள்ளையைத் திட்டும்போதுகூட "ங்க" விட்டுப்போகாது என்பதால், எச்சரிக்கையும் அப்படியே அமைந்தது; எங்களோடு விளையாடிய ரியாஸின் எல்லையில் என்றால் இப்படி: "இது ரியாஸ் இடமுங்க. கை வெக்காதீங்க." பிரிக்க வந்தவன் இதைப் படித்துவிட்டுச் சிரித்தபடி திரும்பிப்போவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒருவருக்குக் கிடைக்கும் நிலம் அவர் விளையாடிய நேரத்துக்கு ஏற்றபடிதான் வளரும். பாதை, பாலம் போன்ற பொது இடங்கள் யார் பேரிலும் இல்லை. அவற்றுக்காக மூன்றாவது ஏற்பாடு வந்தது: பதிவேடு. எந்தக் கட்டையை யார் வைத்தார், யார் எடுத்தார், எந்த நிமிடத்தில் என்பதெல்லாம் கணினி தானாகவே எழுதிக்கொள்ளும். ஒரு பெயரைக் கொடுத்தால் அவர் செய்ததையெல்லாம் திருப்பிவிடவும் முடியும்; அவர் உடைத்தது மீண்டும் எழும், அவர் கட்டியது மறையும். இந்தப் பதிவேட்டை முதன்முதலில் பார்த்த அன்று நான் ஊர் நோட்டைத் திறக்கவேயில்லை. நான் நோட்டில் கைவலிக்க எழுதியதை ஒரு மெஷின் நொடிதோறும் எழுதிக்கொண்டிருந்தது.

சட்டத்தையும் அண்ணன்தான் போட்டான். பெரியப்பா ஒரு சிறிய தையல் யூனிட் வைத்திருந்தார். அங்கே ஒவ்வொரு பண்டல் துணியிலும் தைத்தவருடைய நம்பர் எழுதிய சீட்டு இருக்கும். செக்கிங் மேசையில் தப்பு அகப்பட்டால் சீட்டைப் பார்த்து அந்த நம்பர்காரரிடமே பீஸ் திரும்பிப் போகும். அதைப் பார்த்து வளர்ந்தவன் சொன்னான்: "பதிவேட்டுல பேரு இருக்குதல்ல, அப்புறம் என்ன பேச்சு? பிரிச்சவங்க கட்டுனது மொத்தமும் போயிரும். நெலமும் போயிரும்." எல்லோரும் சரியென்றோம். ஊர் நோட்டில் நான் அதைச் சிவப்பு மையில் எழுதினேன்.

அந்த ஊரில் பார்க்கத்தக்கவை இரண்டு. ஒன்று ரியாஸ் கட்டிய பஸ் ஸ்டாண்டு. அவன் அத்தா, அதாவது அப்பா, பனியன் வேஸ்ட் துணி வியாபாரம் செய்தார், வைஃபை எட்டும் அடுத்த தெருவில் வீடு, என் வயது. மஞ்சள் கட்டைகளால் நீளமான கூரை போட்டு, அதன் கீழே எட்டு பஸ்களை நிறுத்தியிருந்தான். எல்லோரும் வந்துபோகிற இடத்துக்கு எல்லை எதற்கு என்று டிக்கெட் அறையை மட்டும் தன் பேரில் பதிந்திருந்தான்.

மற்றது ஸ்டெல்லாவின் கம்பெனி. லைன் வீட்டில் மூன்றாவது அறை அவர்களுடையது. தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். அவள் எனக்கு ஒரு வகுப்பு மேல், பத்தாவது. அம்மாவும் தங்கை பிளெஸ்ஸியும் அவளும், மூன்று பேருக்கு ஒரே போன். ஸ்டெல்லா கட்டியது நான்கு மாடிக் கம்பெனி. தரைத்தளத்தில் கட்டிங் மேசைகள், மேலே வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள், அதற்கும் மேலே செக்கிங்கும் பேக்கிங்கும். நான்காம் மாடி மட்டும் தளத்தோடு நின்றிருந்தது. அங்கே என்ன வரும் என்று கேட்டேன். "சாப்பாட்டு ரூமு. சுத்தி ஜன்னல். எங்கம்மா கம்பெனில படிக்கட்டுல உக்காந்துதான் சாப்புடுதாங்க" என்றாள். ஜன்னலுக்கு மஞ்சள் கட்டைதான் வேண்டுமாம். அது கிடைக்க நேரமாகும் என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. மாலை நான்கு மணிக்கு உள்ளே வந்த ரியாஸ், பஸ் ஸ்டாண்டில் கூரை இல்லாததைக் கண்டான். பஸ்கள் இருந்தன. மேலே வானம் இருந்தது. அண்ணன் பதிவேட்டைத் திறந்தான். முற்பகல் பதினொன்று பத்து முதல் பன்னிரண்டு வரை, வரிக்கு வரி ஒரே பெயர்: ஸ்டெல்லா எடுத்தது, ஸ்டெல்லா எடுத்தது, ஸ்டெல்லா எடுத்தது.

"ரெண்டு வாரம் கட்டுனதுங்ணா" என்றான் ரியாஸ்.

கூரையை அண்ணன் அன்றே திருப்பி எழுப்பிவிட்டான். ஆனால் சட்டம் இருந்தது. புதன் முதல் சனி வரை ஸ்டெல்லா உள்ளே வரவில்லை, சுவரோரமும் காணவில்லை. பயந்து ஒளிந்துகொண்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஊர் நோட்டில் "வரவில்லை" என்று நான்கு நாளும் குறித்தேன்.

ஞாயிறு காலை அவள் சுவரோரம் துணி காயப்போட வந்தபோது அண்ணன் கூப்பிட்டுக் கேட்டான். அவள் அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் உடைக்கல" என்றாள்.

"அப்ப செவ்வாக்கெழம பதினோரு மணிக்கு எங்க இருந்த?"

ஸ்டெல்லா கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். பின்னால் வாளியோடு வந்த அவள் அம்மா சட்டென்று முந்திக்கொண்டார்: "வீட்டுலதாம்ப்பா இருந்தா. எங்கிட்டும் போவல. அவ எங்க போவப் போறா?"

"ஊட்டுல இருந்தாங்கன்னா போனு அவங்க கையிலதானுங்க அக்கா இருந்திருக்கும்?" என்றான் அண்ணன், மிக மரியாதையாக.

அவள் அம்மாவுக்கு அந்தக் கேள்வியின் உள்நோக்கம் விளங்கவில்லை. "ஆமா, அவ கையிலதான் இருந்துச்சு" என்றார். ஸ்டெல்லா சுவரில் காய்ந்திருந்த பாசியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கடைசியில், "சரி, எடுத்துக்கோங்க" என்றாள்.

அண்ணன் அவள் நிலத்தை விடுவித்து, அவள் பெயரைத் தட்டச்சு செய்து, திருப்பிவிடும் கட்டளையைக் கொடுத்தான். கம்பெனி இடிந்து விழவில்லை. துண்டு துண்டாக மறைந்துபோயிற்று. முதலில் கிழக்குப் பாதி, பிறகு நடு, கடைசியாகப் படிக்கட்டு. நான் நேரம் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இடத்தில் ஆரம்பத்தில் இருந்த புல்லும் ஒரு மரமும் மீண்டும் வந்திருந்தன.

அன்று மாலை, ஊர் மறையும் முன், காலையில் பஞ்சு எடுத்ததைக் குறிக்க விட்டுப்போனது நினைவுக்கு வந்து வீட்டு நோட்டைத் திறந்தேன். அந்த வாரத்துப் பக்கம். செவ்வாய்க்கு நேரே என் கையெழுத்தில் இருந்தது: "காலை 7.45. கம்பெனி வேன் மறுபடி லைன் வீட்டுக்கு வந்தது, முதல் நாள். ஏறியவர்கள் ஐந்து பேர். ஸ்டெல்லாவின் அம்மா. ஸ்டெல்லா, டிபன் கேரியரோடு." புதன் முதல் சனி வரையிலும் வேன் வந்த நேரம் இருந்தது.

இரண்டு நோட்டுகளும் ஒரே மேசையில், ஒரு சாண் இடைவெளியில் ஐந்து நாட்களாகக் கிடந்தன. இரண்டையும் எழுதியவள் நான். ஒன்றை மற்றொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவேயில்லை. எங்கே இருந்தாள் என்று ஸ்டெல்லா ஏன் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவளுக்குப் பதினைந்து வயது. கம்பெனியில் வேறு வயது சொல்லியிருப்பார்கள். வேனில் போனதைச் சொன்னால் கட்டை ஊரில் அவள் கம்பெனி தப்பியிருக்கும். நிஜக் கம்பெனியில் அவளும் அம்மாவும் தப்பியிருக்க மாட்டார்கள். சுவரோரம் அவள் என்னைப் பார்த்ததற்கும் காரணம் இருந்தது. வேன் ஏறும்போது நான் வாசலில் நின்று நோட்டில் எழுதியதை அவள் பார்த்திருந்தாள்.

பதிவேட்டை மறுபடி திறந்தேன். இந்த முறை "எடுத்தது" என்ற வரிகளோடு நிறுத்தாமல் "வைத்தது" என்ற வரிகளையும் படித்தேன். செக்கிங் மேசையில் தப்புள்ள இடத்தில்தான் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்; நேராக ஓடிய தையலில் யாரும் ஒட்டுவதில்லை. நாங்களும் அப்படித்தான் படித்திருந்தோம்; அந்த வாரம் நான்காம் மாடிக்கு யாரும் ஏறிப் பார்க்கவுமில்லை. பன்னிரண்டு மணிக்குப் பிறகு அதே பெயர், அதே மஞ்சள் கட்டைகளை, ஒவ்வொன்றாக நான்காம் மாடியில் வைத்திருந்தது.

திங்கள் காலை சுவருக்கு மேலே எட்டி பிளெஸ்ஸியைக் கூப்பிட்டேன். இரண்டாம் வகுப்பு. புதன் முதல் சனி வரை அம்மா வேலைக்குக் கொண்டுபோயிருந்த போன் இப்போது அவள் கையில்தான் இருந்தது.

"எக்கா, எங்கக்கா கம்பெனியக் காணல, பாத்தியளா?" என்றாள் என்னை முந்திக்கொண்டு.

"பஸ் ஸ்டாண்ட்ட நீயா பிரிச்ச?"

"நா பிரிக்கலையே. எடுத்தேன்."

"எதுக்கு எடுத்த?"

"மாடி போட. ஜன்னலுக்கு மஞ்சக் கட்ட வேணும்னு அக்கா சொல்லிட்டே இருந்தா. அவ வேலைக்கிப்..." என்று தொடங்கி, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு விரல்களுக்கு நடுவிலிருந்து, "பஸ்ஸு நனையாது, மழையே பெய்யலல்லா?" என்றாள்.

பிரதீப் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேன் விஷயத்தையும் அவனிடம் மட்டும் சொன்னேன். அவன் ஒரு காலி கோனை மேசையில் உருட்டினான். "எங்க யூனிட்டுலயே முருகேசண்ணன் நம்பருல பாதிப் பீஸ் அவங்க சம்சாரம் தெக்கறாங்க. ரெண்டு பேரும் ஒரே சீட்டுதான். ஊருக்கே தெரியும்" என்றான். "எனக்கும் தெரியும்."

இங்கே ஒரு சிக்கல் இருந்தது. ஸ்டெல்லா பேரில் நடந்ததையெல்லாம் மீண்டும் நடத்தச் சொன்னால் கூரை பிரித்ததும் மீண்டும் நடந்துவிடும். ஆகையால் அண்ணன் கம்பெனி இருந்த இடத்தின் நான்கு மூலைகளையும் அளந்து, அந்த எல்லைக்குள் மட்டும் மீட்கச் சொன்னான். கம்பெனி வந்தது. நான்காம் மாடியும் வந்தது: பிளெஸ்ஸி கட்டியபடியே, கோணல் சுவரும், ஒன்று தரையோடும் ஒன்று கூரையை ஒட்டியும் வைத்த ஜன்னல்களுமாக. பஸ் ஸ்டாண்டின் கூரையும் தன் இடத்தில் இருந்தது. ஒரே மஞ்சள் கட்டைகள் இப்போது இரண்டு இடத்திலும் இருந்தன.

"அப்ப லாபம் ஸ்டெல்லாவுக்குத்தான்" என்றான் ரியாஸ். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூரையக் கேட்டிருந்தா குடுத்திருப்பனா? குடுத்திருக்க மாட்டேன்" என்றும் சொன்னான்.

அண்ணன் ஸ்டெல்லா பேரில் நிலத்தை மறுபடி பதிந்தான். சிவப்பு மையில் எழுதிய சட்டத்தை நான் அடித்தேன். பிரித்ததை மட்டும் சரிசெய்வது, கட்டியதைத் தொடுவதில்லை என்பது புதுச் சட்டம். ஒரு வீட்டில் ஒரே போன் என்றாலும் ஆளுக்கொரு பெயர் என்று பிளெஸ்ஸிக்கும் தனிப் பெயர் கிடைத்தது. ஊர் நோட்டில் அன்று முதல் "பெயர்", "ஆள்" என்று இரண்டு கட்டங்கள் போட்டேன்.

அடுத்த ஞாயிறு ஸ்டெல்லாவைச் சுவரோரம் நிறுத்திப் போனில் காட்டினோம். அண்ணன் "தப்பு எங்க மேலதான்" என்றான். அவள் தலையை ஆட்டினாள். மாடி மாடியாகப் பார்த்துக்கொண்டே போனவள் மேலே வந்ததும் நின்றாள்.

"ஏட்டி, இது என்ன கோணயா இருக்கு? எந்தக் கொத்தனார் கட்டுனான்?"

"நாந்தான்" என்றாள் பிளெஸ்ஸி.

"சம்பளத்தப் பிடிக்கணும் உனக்கு." சிரித்தாள். பிறகு என்னிடம், "ஞாயித்துக்கெழம வந்து நேர் பண்ணிக்கிடுதேன்" என்றாள்.

நேர் செய்ய வரவில்லை. கம்பெனிகளில் ஆர்டர் குவிந்து, ஞாயிறும் வேன் வரத் தொடங்கியது. பள்ளி திறந்தபோது எங்கள் தெருவிலிருந்து போனவர்களின் பெயர்களை வீட்டு நோட்டில் எழுதினேன். அதில் அவள் பெயர் இல்லை. அவள் படிப்பு நின்ற நாள் எது என்று பல முறை தேடியிருக்கிறேன். அப்படி ஒரு நாளை நான் எழுதவில்லை. பள்ளி திறப்பதற்கு வெகு முன்பே, அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு நேராக எழுதியதுதான் அதுவென்று இப்போது தோன்றுகிறது. எழுதும்போது எனக்கு அது வேன் வந்த செய்தி.

எட்டு மெஷின்களும் ஓடத் தொடங்கியதும் கணினி அப்பாவின் வேலைக்குத் திரும்பிப் போயிற்று. அதை ஒப்படைப்பதற்கு முன் ஊரை முழுவதுமாக ஒரு பென் டிரைவில் எடுத்துவைத்தேன். இப்போது லைன் வீடுகள் இல்லை. அந்த இடத்தில் ஒரு குடோன் நிற்கிறது. நாங்கள் கோன் அட்டையைத் தூக்கிப்போட்ட சுவரை உயர்த்தி மேலே தகரம் அடித்துவிட்டார்கள். ரியாஸ் அவன் அத்தாவோடு வியாபாரத்தில் இருக்கிறான். பிரதீப் அண்ணன் பெங்களூரில். ஸ்டெல்லா வீரபாண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள் என்று கேள்வி. பிளெஸ்ஸி படித்துக்கொண்டிருக்கிறாள் என்றும் கேள்வி. நான் சரிபார்க்கவில்லை.

போன வாரம், ஞாயிறு காலை, அந்தப் பழைய சர்வரை என் மடிக்கணினியில் எழுப்பினேன். ஊர் அப்படியே இருந்தது. பஸ்கள் கூரைக்குக் கீழே நின்றன. கம்பெனியின் படிக்கட்டில் ஏறி நான்காம் மாடிக்குப் போனேன். கிழக்குச் சுவரில் மூன்றாவது ஜன்னல் ஒரு கட்டை கீழே இறங்கியிருக்கிறது. கம்பெனியை மீட்ட அன்றே என் கண்ணில் பட்டது. அந்த ஒன்றையாவது நேராக்கிவிடலாம் என்று கட்டையைத் தொட்டேன்.

திரையில் எழுத்து வந்தது.

"இது ஸ்டெல்லா இடமுங்க. கை வெக்காதீங்க."